வழுக்கியதா, சறுக்கியதா?

இரண்டு இதழ்களுக்கு முன்னால் மழைக்கால டயர் பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதும்போது, 'இல்லையென்றால் வண்டி ஸ்கிட் ஆகிவிடும்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்தப் பக்கங்களை நிரப்பப் போதும் போலிருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: என் மகன் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். ராத்திரி போன் பண்ணி, 'ஸ்கிட் இப்பத்தான் முடிஞ்சுதும்மா, வர லேட்டாகும்' என்றான். பைக்கில் எங்கேயோ விழுந்து எழுந்திருக்கிறான் என்று நான் அலறி, அவன் சிரித்து, பெரிய ரகளையாகிவிட்டது. இரண்டுக்கும் ஏன் ஒரே பெயர்?
– வாசகி, மன்னார்குடி

ஒரே பெயர் இல்லை அம்மா, தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடுகிறது, அவ்வளவுதான். உங்கள் மகன் சொன்னது கல்லூரி விழாவில் போடும் குட்டி நாடகம். நீங்கள் பயந்தது சறுக்கி விழுவது. ஆங்கிலத்தில் முதலாவது டைகரில் வரும் டி-யில் முடியும், இரண்டாவது டாக்டரின் முதலில் வரும் டி-யில் முடியும். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ட்' என்பதால் இரண்டுமே ஸ்கிட். ஆங்கிலம் பேசுகிறவர்கள் நாடக ஸ்கிட்டைச் சட்டென்று வெட்டி நிறுத்துவார்கள், வழுக்குகிற ஸ்கிட்டில் நடுவிலுள்ள 'இ' கொஞ்சம் நீளும். காதில் அந்த நீளத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். போனில், ராத்திரி பத்து மணிக்கு, ஒரு அம்மாவுக்கு அது கேட்காது என்பது நியாயம்தான்.

கேள்வி: ஆங்கில அகராதியில் ஸ்கிட் என்பதற்குச் சறுக்குவது என்றும் போட்டிருக்கிறது, மரக்கட்டை என்றும் போட்டிருக்கிறது, போதாததற்கு ஒரு வகை பிரேக் என்றும் இருக்கிறது. பிரேக் என்றால் நிறுத்துவது, ஸ்கிட் என்றால் நிற்காமல் போவது. எதிரும் புதிருமாக இருக்கிறதே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பலூர்

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் சார். வந்ததிலேயே இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

கட்டைதான் மூத்தது. சுமார் 400 வருடங்களுக்கு முன்னால் ஆங்கிலத்தில் ஸ்கிட் என்றால் கனமான பொருளுக்கு அடியில் கொடுக்கும் மரம், அவ்வளவுதான். பீப்பாயோ, படகோ, பாறாங்கல்லோ, நேரே தரையில் வைக்காமல் இரண்டு கட்டைமேல் வைத்தால் தள்ளலாம், இழுக்கலாம். வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் பிளந்த மரத்துண்டுக்கும் பனியில் நடக்கக் காலில் கட்டும் பலகைக்கும் இருந்த ஒரு சொல்லிலிருந்து இது வந்திருக்கலாம் என்கிறார்கள். பனிச்சறுக்குக்காரர்கள் காலில் மாட்டுகிற 'ஸ்கீ' அதே சொல்லின் பேரன், நார்வே வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது.

அப்புறம் குதிரை வண்டிக்காரர்கள் வந்தார்கள். மேட்டிலிருந்து பாரத்தோடு இறங்கும்போது வண்டி குதிரையை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடிவிடும். அதற்காக, செருப்பு மாதிரி ஒரு இரும்பையோ கட்டையையோ சங்கிலியில் கட்டி, பின்சக்கரத்துக்கு அடியில் கொடுப்பார்கள். சக்கரம் அதன்மேல் ஏறி நின்றுவிடும், சுழலாது, அப்படியே தேய்த்துக்கொண்டு மெதுவாக இறங்கும். அந்தச் செருப்புக்கும் பெயர் ஸ்கிட். நீங்கள் பார்த்த பிரேக் இதுதான். சக்கரம் சுழலாமல் இழுபட்டுப் போவதை 'ஸ்கிட் ஆகிறது' என்று சொல்லத் தொடங்கியதும் இங்கேதான். அதாவது முதலில் அது வேண்டுமென்றே செய்தது, வண்டி நம் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. 19-ஆம் நூற்றாண்டு கடைசியில் சைக்கிளும் அதன்பின் மோட்டாரும் வந்து, ஈரத் தெருவில் சக்கரம் தன் இஷ்டத்துக்குப் பக்கவாட்டில் போக ஆரம்பித்த பிறகுதான் அந்தச் சொல் கட்டுப்பாடு இல்லாமல் சறுக்குவதைக் குறிக்க வந்தது. பிடித்து நிறுத்த வைத்த பெயர், பிடி விட்டுப்போனதற்குப் பெயராகிவிட்டது.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இங்கிலாந்துக்குப் போக வேண்டாம், திருவாரூர் ஆழித்தேருக்குப் போங்கள். 96 அடி உயரம், சுமார் 300 டன் என்கிறார்கள். சக்கரத்துக்கு அடியில் ஆட்கள் குனிந்து ஆப்பு மாதிரி முட்டுக்கட்டை கொடுப்பார்கள் பாருங்கள், அந்த வண்டிக்காரன் செய்த வேலைக்கு நெருங்கிய உறவு. திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த ஹைட்ராலிக் பிரேக்கும் அந்தத் தேரில் இருக்கிறது, ஆனாலும் கட்டை போகவில்லை. இதைவிட வேடிக்கை வீதி முனையில் நடக்கும். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது, கார் மாதிரி முன்சக்கரத்தைத் திருப்ப முடியாது. அதனால் சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போட்டு, கிரீஸ் தடவி, வடத்தைப் பக்கவாட்டில் இழுத்து மொத்தத் தேரையும் வழுக்க வைத்துத்தான் திருப்புகிறார்கள். அத்தனை டன்னும் நகரும்போது அடியில் ஒரு முனகல் சத்தம் வரும், கூட்டம் ஆரூரா தியாகேசா என்று கத்துகிற நேரம் அது. கட்டையும் அங்கேயே, வழுக்கலும் அங்கேயே. நம் ஊரில் அந்தக் கட்டையின் பெயர் வேறு பக்கம் போய்விட்டது: நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்பவரைத்தான் 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்கிறோம்.

கேள்வி: ஸ்கிட் என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் எது? சறுக்குவதா, வழுக்குவதா? நாளிதழ்களில் 'கட்டுப்பாட்டை இழந்து' என்று எழுதுகிறார்களே, அது சரியா?
– வாசகர், காரைக்குடி

'கட்டுப்பாட்டை இழந்து' என்பது சோம்பேறித்தனம். டயர் வெடித்தாலும், டிரைவர் தூங்கினாலும், மாடு குறுக்கே வந்தாலும் அதே இரண்டு சொற்கள்தான். வாசகனுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

வழுக்குவதும் சறுக்குவதும் ஒன்றில்லை என்று நினைக்கிறேன். பாத்ரூமில் பாசி பிடித்தால் 'தரை வழுக்குது, பார்த்துப் போ' என்கிறோம். 'தரை சறுக்குது' என்று யாரும் சொல்வதில்லை. வழுக்கல் தரையின் குணம், இளநீர்க்காரர் 'வழுக்கையா வேணுமா, தண்ணியா வேணுமா' என்று கேட்கும்போதும் அந்த வழவழப்பைத்தான் சொல்கிறார், தலை வழுக்கையும் அதே கதை. சறுக்கல் என்பது போகிறவனுக்கு நேர்வது, 'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்கிறோமே. ஆளைச் சொல்லும்போது 'வழுக்கி விழுந்தான்' என்றும் சொல்வோம், அது வேறு விஷயம், அங்கேயும் குற்றம் தரைமேல் போடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். ஆகவே என் கட்சி இது: ரோடு வழுக்கியது, வண்டி சறுக்கியது. 'பிரேக் பிடித்ததில் பின்சக்கரம் சறுக்கி' என்று ஒரு நிருபர் எழுதினால் நான் கைதட்டுவேன்.

இன்னும் பழைய சொல் ஒன்று இருக்கிறது. 'இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே ஒழுக்கம் உடையார்வாய்ச் சொல்' என்கிறது 415-ஆவது குறள். வழுக்கு நிலத்தில் ஊன்றுகோல் எப்படியோ, நல்லவர் சொல்லும் அப்படி என்கிறார். அந்த 'இழுக்கல்'தான் சேறு, வழுக்கல். இன்றைக்கு 'குடும்பப் பெயருக்கு இழுக்கு' என்றால்தான் நமக்குத் தெரியும், கால் வழுக்கிய சங்கதி மறந்தே போயிற்று. இலக்கணத்தில் பிழைக்கு 'வழு' என்றுதான் பெயர், வழுக்குக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கிறது பாருங்கள்.

பேச்சில் மட்டும் 'ஸ்கிட் ஆயிடுச்சு', 'ஸ்லிப் ஆயிடுச்சு' இரண்டும் இருக்கும், அதை யாரும் மாற்றப் போவதில்லை. நானும் அப்படித்தான் பேசுகிறேன்.

கேள்வி: ஏ.பி.எஸ். என்கிற, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் வசதி இருந்தால் வண்டி ஸ்கிட்டே ஆகாது என்று ஷோரூமில் சொல்கிறார்கள். நம்பலாமா? பத்தாயிரம் அதிகம் கேட்கிறார்கள்.
– வாசகர், ஓசூர்

ஆகவே ஆகாது என்பதை நம்ப வேண்டாம், ஆனால் வாங்குங்கள். அதுவும் 125 சிசிக்கு மேல் என்றால் உங்களுக்கு வேறு வழியே இல்லை. புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலும் கட்டாயமாக்கிவிட்டார்கள். அதற்குக் குறைந்த வண்டிகளுக்கு, ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்துக்கும் பங்கு போகிற சி.பி.எஸ். இருந்தால் போதும் என்று அப்போது விட்டார்கள்.

ஏன் வேண்டும் என்றால், நடப்பதை நினைத்துப் பாருங்கள். நடக்கும்போது ஊன்றிய கால் தரையில் அசையாமல் நிற்கிறது, உடம்புதான் முன்னால் போகிறது. உருளும் சக்கரமும் அப்படித்தான், வண்டி 60-இல் போனாலும் தரையைத் தொடுகிற அந்த உள்ளங்கை அகல ரப்பர், தொடுகிற நேரத்தில் நின்றுகொண்டுதான் இருக்கிறது. பிரேக்கை இறுக்கிச் சக்கரம் பூட்டிக்கொண்டால் காலைத் தேய்த்துக்கொண்டு போகிற மாதிரி. பிடிப்பு குறைகிறது என்பதோடு போவதில்லை, ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி கேட்காது. ஏ.பி.எஸ். செய்வது இவ்வளவுதான்: சக்கரம் பூட்டப் போகிறது என்று தெரிந்ததும் ஒரு வினாடிக்குள் பலமுறை விட்டு விட்டுப் பிடிக்கிறது, சக்கரம் உருண்டுகொண்டே இருக்கிறது, நீங்கள் திருப்பினால் திரும்புகிறது. அது அதிகப் பிடிப்பைத் தரையிலிருந்து வரவழைக்காது. ஜல்லி கொட்டிய ரோட்டில் நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம்.

என் கதையைச் சொல்கிறேன். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்து ரோடு, பங்குனிக் கடைசி, உளுந்து அறுப்பு. செடியைப் பிடுங்கி ரோட்டிலேயே மெத்தை மாதிரி பரப்பிவிடுவார்கள், போகிற வருகிற வண்டி ஏறினால் காய் உடைந்து பயறு உதிரும், கூலி மிச்சம். எனக்குக் கல்யாணத்துக்கு நேரமாகிவிட்ட அவசரம். எதிரே டிராக்டர் வருகிறது என்று அந்தச் செடிமேலேயே முன் பிரேக்கைப் பிடித்தேன். மேலே காய்ந்த செடி, அடியில் உதிர்ந்த உளுந்து, கோலிகுண்டு மாதிரி. முன்சக்கரம் போனது எனக்குத் தெரியவே இல்லை, பட்டு வேட்டியோடு படுத்திருந்தேன். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, வாய்க்குள் உளுந்துத் தூசி. காவலுக்கு உட்கார்ந்திருந்த ஆயா எழுந்து வந்து முதலில் செடியை உதறி நேராகப் பரப்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் 'அடி பட்டுச்சா தம்பி' என்று கேட்டார்.

பின்சக்கரம் பூட்டினால் வால் ஆடும், சமாளிக்க நேரம் இருக்கிறது. முன்சக்கரம் பூட்டினால் நேரமே இல்லை. அதனால் ஒற்றைச் சக்கரத்துக்கு மட்டும் ஏ.பி.எஸ். என்று விற்கிற வண்டியில் அதை முன்னால்தான் வைக்கிறார்கள். பின்சக்கரம் பூட்டி வண்டி ஏற்கெனவே குறுக்கே திரும்பிவிட்டது என்றால் பிரேக்கைப் பட்டென்று விடாதீர்கள், டயர் திடீரென்று பிடித்து உங்களைத் தூக்கி எறியும். காரில் பின்பக்கம் இடது பக்கமாகப் போனால் ஸ்டியரிங்கையும் இடது பக்கமே திருப்ப வேண்டும், வலது பக்கமென்றால் வலது. பதற்றத்தில் கை எதிர்ப்பக்கம் போகும், அதைத்தான் பழக்க வேண்டும். வெளிநாடுகளில் இதற்கென்றே வழுக்குத் தரை போட்ட மைதானம் வைத்துச் சொல்லித்தருகிறார்கள். நம் எட்டு போடும் தேர்வில் இதெல்லாம் வராது.

கேள்வி: விபத்து நடந்த இடத்தில் போலீஸ் டேப் வைத்து டயர் கோட்டை அளக்கிறார்களே, அதிலிருந்து வேகம் தெரியுமா?
– மாணவி, நாகர்கோவில்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகம் கையில் இருந்தால் நீங்களே போடலாம். வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதையும் உராய்வு தின்றிருக்கிறது, அதனால் எடை இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகும். உராய்வு எண், புவியீர்ப்பு, கோட்டின் நீளம், இவற்றைப் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் வேகம். காய்ந்த தார் ரோட்டுக்கு உராய்வு எண் 0.7 என்று வைத்தால், 20 மீட்டர் கோடு என்பது மணிக்குச் சுமார் 60 கி.மீ. கோடு இரட்டிப்பாகி 40 மீட்டர் என்றால் வேகம் 120 இல்லை, 84-தான். அதே 60-இல் வந்த வண்டி, எண் 0.4-க்கு இறங்கிய ஈர ரோட்டில் 35 மீட்டர் போகும். கடைசியில் எதிலாவது மோதி நின்றிருந்தால் கணக்கு காட்டுவது குறைந்தபட்ச வேகம் மட்டுமே. ஏ.பி.எஸ். வண்டிகளில் கோடு மங்கலாகத்தான் விழும், அளக்கிறவர்களுக்கு அதில் ஒரு சங்கடம்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலைக்கு வந்த பம்ப்பின் பில்லில் 'ஸ்கிட் மவுண்டட்' என்று இருக்கிறது. சறுக்குகிற பம்ப்பை ஏன் அனுப்பினார்கள் என்று ஸ்டோர்ஸில் ஒரே சிரிப்பு.
– வாசகர், ராணிப்பேட்டை

மேலே சொன்ன பழைய கட்டைதான், இப்போது இரும்பாகியிருக்கிறது. பம்ப், மோட்டார், பைப் எல்லாவற்றையும் ஒரே இரும்புச் சட்டத்தில் பூட்டி, அப்படியே தூக்கி வந்து இறக்கிப் பொருத்துகிற மாதிரி செய்தால் அந்தச் சட்டம் ஸ்கிட். சக்கரம் இல்லாத ஹெலிகாப்டர்கள் நிற்குமே இரண்டு குழாய், அதுவும் ஸ்கிட்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் 'பாப்காட்' என்கிறோமே, அந்தக் குட்டி இயந்திரம் இன்னும் சுவாரசியம். அதன் வகைக்குப் பெயர் ஸ்கிட் ஸ்டியர். நான்கு சக்கரமும் நேராகத்தான் இருக்கும், திரும்பவே திரும்பாது. இடப்பக்கச் சக்கரங்களை ஒரு வேகத்திலும் வலப்பக்கத்தை ஒரு வேகத்திலும் ஓட்டி, டயரைத் தரையில் தேய்த்துச் சறுக்க வைத்துத்தான் திரும்புகிறது, நின்ற இடத்திலேயே சுற்றவும் செய்யும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் 1957-இல் இதன் முன்னோடியைச் செய்தது, ஒரு வான்கோழிப் பண்ணைக் கொட்டகையில் கழிவை அள்ளுவதற்காக. தூண்களுக்கு இடையில் திரும்ப இடம் இல்லை, அதனால் வந்த யோசனை.

கேள்வி: அமெரிக்காவில் வீடற்றவர்கள் வாழும் பகுதியை 'ஸ்கிட் ரோ' என்கிறார்கள். அங்கே என்ன சறுக்கியது?
– வாசகர், புதுச்சேரி

மரம் சறுக்கியது. அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் பெரிய மரங்களை வெட்டி, ஏணிப்படி மாதிரி குறுக்கே கட்டைகள் பதித்த பாதையில், எருதுகளைப் பூட்டி இழுத்து வருவார்கள். கட்டைமேல் கொழுப்போ எண்ணெயோ தடவுவதற்கென்று ஓர் ஆள் உண்டு. ஒரு காரியம் தடங்கலில்லாமல் நடக்க முன்கூட்டியே வழி செய்து வைப்பதை ஆங்கிலத்தில் 'கிரீஸ் தி ஸ்கிட்ஸ்' என்பது அங்கிருந்து வந்தது, நம் அலுவலகங்களில் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பாதைக்கு ஸ்கிட் ரோடு என்று பெயர்.

சியாட்டிலில் 1853 வாக்கில் ஹென்றி யெஸ்லர் என்பவர் நீராவி மர அறுவை ஆலை வைத்தார். மேட்டிலிருந்து ஆலைக்கு மரம் இறங்கிய தெரு இன்று அவர் பெயரிலேயே யெஸ்லர் வே. மரம் வெட்டுகிறவர்கள் சம்பளத்தோடு இறங்கும் இடம் என்பதால் சுற்றிலும் சாராயக் கடை, மலிவான விடுதி எல்லாம் முளைத்தன. காலம் போகப் போக, வேலை போனவர்களும் வயதானவர்களும் அங்கேயே தங்கிப்போனார்கள். மரத்தொழில் ஊர்களில் இப்படிப்பட்ட பகுதிக்கெல்லாம் ஸ்கிட் ரோடு என்ற பெயர் பரவி, மற்ற நகரங்களுக்குப் போனபோது, மரத்தையே பார்க்காத ஜனங்கள் அதை ஸ்கிட் ரோ ஆக்கிவிட்டார்கள். இன்றைக்கு அந்தப் பெயர் சொன்னால் எல்லோருக்கும் லாஸ் ஏஞ்சலிஸ்தான் ஞாபகம் வரும். ஆளோ நிறுவனமோ சரிந்துகொண்டிருந்தால் 'ஆன் தி ஸ்கிட்ஸ்' என்பார்கள், அதுவும் அதே சாய்வில் இறங்கிய கட்டைதான்.

கேள்வி: ஆகாயத்தில் விமானம் ஸ்கிட் ஆகுமா? என் பேத்தி கேட்கிறாள்.
– தாத்தா, சேலம்

ஆகும், பேத்தியிடம் சொல்லுங்கள். திரும்பும்போது வாலில் உள்ள சுக்கானின் பெடலை அளவுக்கு மீறி மிதித்தால் வால் வெளிப்பக்கம் வீசும், அதற்குப் பெயர் ஸ்கிட். போதாமல் மிதித்தால் உள்பக்கம் நழுவும், அது ஸ்லிப். விமானி முன்னால் வளைந்த கண்ணாடிக் குழாயில் திரவத்துக்குள் ஒரு குட்டிப் பந்து உருள்கிறது, அது நடுவில் இருந்தால் சரி. எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கப் பெடலை மிதிக்க வேண்டும்.

கேள்வி: எட்டாவது படிக்கும் பையன் சைக்கிளில் ஸ்கிட் அடிக்கிறேன் என்று மாதத்துக்கு ஒரு பின்டயர் மாற்றுகிறான். நான்கு பக்கமும் தேயாமல் ஒரே இடத்தில் மட்டும் நைந்துபோகிறதே, டயர் மட்டமா?
– ஒரு அப்பா, வேலூர்

டயர்மேல் குற்றம் இல்லை. பூட்டிய சக்கரம் சுழலாது, அதனால் தரையைத் தொட்ட அந்த ஓர் இடம் மட்டும்தான் மொத்தத் தேய்மானத்தையும் வாங்கிக்கொள்கிறது. ரயிலிலும் இது உண்டு: பிரேக் பூட்டிச் சக்கரம் தண்டவாளத்தில் இழுபட்டால் இரும்பிலேயே ஒரு தட்டை விழுந்துவிடும். இரவில் பெட்டிக்கு அடியில் ஒரு சக்கரம் மட்டும் தாளம் தப்பாமல் டக் டக் டக் என்று அடித்துக்கொண்டு வருமே, அதுவாகவும் இருக்கலாம். டயர் கடைக்காரர் எட்டாவது படிக்கும்போது அவரும் அடித்திருப்பார், கேட்டுப் பாருங்கள், விலையில் குறைத்துத் தருவார்.